மாப்பிள்ளைக் காரும் மைஸ்டரின் கோப்பியும்

எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கம் இந்த வருட மலருக்கு, ஓய்வுபெற்றவர்களிடம் வேலை அனுபவம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறது. மலர்க்குழுச் செயலாளர் தொலைபேசியில், "அண்ணை, பட்ட கஷ்டங்களைக் கொஞ்சம் உருக்கமா எழுதுங்கோ" என்றார். உருக்கமாக எழுத மலரில் ஏற்கெனவே ஆட்கள் வேண்டிய அளவு இருக்கிறார்கள். நான் எசன் நகரத்தில் ஒரு கராஜில் மெக்கானிக்காக வேலை செய்தவன். எனக்குத் தெரிந்தது பிரேக். கடுங்குளிர் முடிந்த பிறகு காரின் பிரேக்கை எப்படிப் பார்ப்பது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது வருகிற கார்கள் தங்களுக்கு என்ன வருத்தம் என்று தாங்களே திரையில் எழுதிக் காட்டுகின்றன. எங்கள் காலத்துக் கார்கள் வாய் திறக்காது. அவற்றின் சொந்தக்காரர்கள்தான் வாய் திறப்பார்கள், அதுவும் பெரும்பாலும் பொய் சொல்வதற்கு.

படித்த கதை சின்னக் கதை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் சில வருடங்கள் உணவகங்களில் கோப்பை கழுவினேன். விசா ஒரு வழிக்கு வந்ததும், முப்பது வயதுக்கு மேல், அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் சேர்ந்தேன். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் மீசை அரும்பாத பையன்கள். முதல் நாள் வாத்தியார் என்னைப் புதிதாக வந்த இன்னொரு வாத்தியார் என்று நினைத்துக் கைகொடுத்துக் குடிக்கக் கோப்பியும் ஊற்றித் தந்தார். உண்மை தெரிந்ததும் கோப்பியைத் திருப்பி வாங்காதது அவருடைய பெருந்தன்மை. பரீட்சையில் ஒருமுறை விழுந்து மறுமுறை எழும்பினேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரே கராஜ், ஒரே மைஸ்டர்.

மைஸ்டர் என்றால் பட்டறைக்குத் தலைவர். எங்கள் மைஸ்டர் பெயர் ப்ரோக்மன். ஆள் நல்ல வாட்டசாட்டம், குரல் மட்டும் மெல்லியது. கத்தவே மாட்டார். பரமேஸ்வரலிங்கம் என்கிற என் பெயரை முதல் நாள் ஒருமுறை முயன்று பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து நான் "பரா". அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. வேலை திறமாக முடிந்திருந்தால், காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "அப்படியே விடலாம்" என்பார். அதைக் கேட்ட நாளில் நான் வீட்டுக்கு இறைச்சி வாங்கிக்கொண்டு போவேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும், "இது சட்டமா, விருப்பமா?" என்று கேட்பார். டயரில் தடிப்பு இல்லையா, அது சட்டம், இன்றைக்கே மாற்ற வேண்டும். ஆசனத்துக்குப் புதுத் துணியா, அது விருப்பம், ஆறுதலாகப் பார்க்கலாம். ஒருமுறை என் மனைவி வேலைக்குத் தொலைபேசி எடுத்து என்னை வெள்ளனப் போகவிடும்படி கேட்டதற்கும் இதே கேள்விதான். அவள் யோசிக்காமல் "சட்டம்" என்றாள். உடனே விட்டுவிட்டார்.

குளிருக்குப் பிறகு பிரேக் பார்க்கும் முறையை அவரிடம்தான் கற்றேன். இங்கே பனி கொட்டினால் தெருவுக்கு உப்புப் போடுவார்கள். பனி கரைந்து போய்விடும், உப்பு காரின் அடியில் குடியிருந்துவிடும். சில்லை, அதாவது சக்கரத்தை, கழற்றினால் உள்ளே இரும்புத் தட்டு ஒன்று இருக்கும், அதுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பேட்கள் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. குனிந்து உட்பக்கம் பார்க்க வேண்டும், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். தட்டின் விளிம்பைப் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கவ்வும் பாகம் உப்பில் இறுகிவிட்டதா என்று கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ரப்பர்க் குழாயை மடித்து வெடிப்புத் தேட வேண்டும். பிறகு ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, புறங்கையை ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது இறுகிக் கிடக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்தால் அது வேலைக்குக் கள்ளம் செய்கிறது.

இதெல்லாம் முடிந்து, உருளை இயந்திரத்திலும் ஏற்றிச் சோதித்த பிறகு, கடைசியாக மைஸ்டரின் சொந்தச் சோதனை. பாதி கோப்பி ஊற்றிய கோப்பையை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்து, கராஜ் முற்றத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை மிதிப்பார். கோப்பி நேரே முன்னுக்குச் சாய்ந்தால் சரி. ஒரு பக்கம் சரிந்தால் கார் திரும்பவும் உள்ளே வரும். இந்தச் சோதனை எந்தப் புத்தகத்திலும் இல்லை. "மைஸ்டர், இது சட்டமா, விருப்பமா?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காலைச் சாப்பாடு" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு முதல் பத்து வருடம் முடியப்போகிற நேரம் ஒரு குளிர்காலம் வந்தது. அப்படியொரு பனியை நான் இங்கே அதற்கு முதல் பார்த்ததில்லை. தெருவில் போட உப்பில்லாமல் நகரசபை திண்டாடியது. பனி விட்டதும் கராஜ் வாசலில் கார்கள் வரிசை கட்டின. அந்த வரிசையில் நிற்காத ஒரே கார் நடராசா அண்ணையுடையது.

நடராசா அண்ணை எங்கள் ஆட்களுக்குள் பெரிய மனிதர். நான் இந்த நகரத்துக்கு வந்த அன்று, பேருந்து நிலையத்தில் பையோடு முழித்துக்கொண்டு நின்றவனைக் கூட்டிப்போய்த் தன் அறையில் படுக்க இடம் கொடுத்தவர். அவரும் கோப்பை கழுவியவர்தான். அந்தக் காலத்திலேயே ஒரு சபதம் எடுத்திருந்தார். தன் ஒரே மகள் சுகந்தியின் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளையைத் தன் சொந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும். அதற்காகவே ஒரு பெரிய கறுப்புக் கார் வாங்கினார். பழையதுதான், ஆனால் ராசா மாதிரி நிற்கும். கல்யாணம் பனி முடிந்த கையோடு என்று நாள் வைத்ததும், காருக்கு உப்புப் படக்கூடாது என்று குளிர்காலம் முழுவதும் அதை அசைக்காமல் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றால் மூடிவைத்துவிட்டார். ஹாண்ட் பிரேக்கையும் இறுக்கி இழுத்துவிட்டிருந்தார். ஓடாமல் நிற்கிற காரின் பிரேக்தான் முதலில் துருப்பிடிக்கும் என்று நான் இரண்டு தரம் சொன்னேன்.

"தம்பி, யாழ்ப்பாணத்திலை பெற்றோல் இல்லாத காலத்திலை மண்ணெண்ணையிலை கார் ஓட்டினவன் நான். எனக்குப் படிப்பிக்காதை" என்றார்.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. சனியில் எங்கள் கராஜ் அரைநாள் திறந்திருக்கும். நான் ஒரு மணித்தியாலம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பட்டு வேட்டி கட்டலாம் என்று இருந்தேன். அப்போது வாசலில் கறுப்புக் கார் வந்தது. முன்னால் பூமாலை, கதவுகளில் ரோசாப்பூ, உள்ளே பட்டு வேட்டியும் சால்வையுமாக நடராசா அண்ணை. கார் மெதுவாக வந்து, நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

"பின்சில்லிலை ஒரு கீச்சுச் சத்தம் கேக்குது. வீடியோவிலை பதிஞ்சால் வெக்கக்கேடு. கெதியாப் பார். மாப்பிளையைக் கூப்பிடப் போகோணும்."

"பிறேக் எப்பிடி அண்ணை?"

"அது அமத்தினால் கொஞ்சம் பிந்தித்தான் நிக்குது. அது பரவாயில்லை. சத்தம்தான் பிரச்சினை."

கார் உள்ளே வந்ததும் எனக்கு ஒரு வாசம் அடித்தது. கராஜில் அடிக்கவே கூடாத வாசம். மைஸ்டரும் மூக்கை உயர்த்தினார். "பரா, உன் சாப்பாடா?" என்றார். இல்லை. சில்லைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க்கிலிருந்து நல்லெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் கல்யாண வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முதலில் பிள்ளையார் படம் வரும், பிறகு நிறைகுடம், அதற்குப் பிறகு மாப்பிள்ளைக் காரின் சில்லு சுற்றும். சில்லு சுற்றிச் சுற்றி, அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையின் முகம் மலரும். இந்தச் சில்லுக் காட்சி இல்லாத கல்யாணம் எங்கள் ஆட்களுக்குக் கல்யாணமே இல்லை. படங்கைத் தூக்கிப் பார்த்த அண்ணைக்கு, சில்லின் கம்பிகளுக்கு இடையால் செம்மண் நிறத்தில் துரு தெரிந்திருக்கிறது. அதற்குள்ளிருந்தா மருமகனின் முகம் மலர்வது? முதல்நாள் பின்னேரம் நீளக் கைபிடித் தூரிகை ஒன்று எடுத்து, நாலு சில்லுக்கும் உள்ளேவிட்டு, தாராளமாகப் பூசியிருக்கிறார்.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"ஏன், பளபளவெண்டு இருக்குதுதானே?"

இருந்தது. அதை மறுக்க முடியாது. மைஸ்டர் தன் கோப்பியை எடுத்துவந்து முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். முற்றத்தில் நடை வேகத்தில் ஓட்டி, பிரேக்கை மிதித்தார். கோப்பி அசையவே இல்லை. அவ்வளவு அமைதியாக ஒரு கோப்பியை நான் அந்த முற்றத்தில் பார்த்ததில்லை. காரும் அதே அமைதியோடு போய்ப் பழைய டயர்க் குவியலில் முட்டி நின்றது. நல்லவேளை, டயர் மெத்தென்று இருக்கும், பூமாலைகூடக் கசங்கவில்லை.

இதைத் துடைத்துச் சரிக்கட்ட முடியாது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டது. பின்னால் ஒரு பக்கம் துருவில் இறுகிப்போயிருந்தது, கீச்சுச் சத்தம் அதுதான். இந்தப் பழைய மாதிரிக்குப் புது பேட் திங்கட்கிழமைதான் வரும். மைஸ்டர் என்னைப் பார்த்து, "உன்னுடைய ஆள். நீ சொல்" என்றுவிட்டுத் தள்ளி நின்றார்.

நான் காரைக் கிளப்பும் திறப்பை உருவி என் சட்டைப் பையில் போட்டேன். "அண்ணை, இதைத் தெருவிலை ஓட்ட ஏலாது."

"மெதுவாப் போறன்."

"மெதுவாப் போனாலும் நிக்காது. மண்டபத்துக்குப் போற வழி முழுக்க இறக்கம். ஆரேன் வேறை ஆளின்ரை காரை எடுப்பம். வாசலிலை எத்தினை கார் நிக்கும்!"

அவர் முகம் கறுத்துவிட்டது. "வேறை ஆளின்ரை காரிலை என்ரை மருமோன் வந்து இறங்கிறதோ? இருபது வருசமா இந்த ஒரு நாளுக்காக நான் கோப்பை கழுவினது உனக்குத் தெரியும். நீயும் அதே தொட்டியிலைதான் கழுவினனீ. திறப்பைத் தா."

"தரமாட்டன் அண்ணை."

"நீயும் ஒரு தமிழனோ?"

படுக்க இடம் தந்த மனிதர் அவர். என் கை ஒருமுறை சட்டைப் பைக்குப் போனதும் உண்மை. ஆனால் அந்தக் காரில் ஏறப்போவது மாப்பிள்ளை. இறக்கத்தின் அடியில் இருப்பது ட்ராம் பாதை. கையை எடுத்துவிட்டேன். அண்ணை டயர்க் குவியலில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து, சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மைஸ்டர் கிட்ட வந்தார். "இவருக்கு என்ன அவசரம்?"

முகூர்த்தம் என்றால் என்ன என்று ஜெர்மன் மொழியில் சொல்வது லேசான வேலை இல்லை. "மைஸ்டர், இவருக்கு ஒரு டெர்மின் இருக்கிறது. கிரகங்கள் குறித்துக் கொடுத்தது" என்றேன்.

"தள்ளிப்போட முடியுமா?"

"கிரகங்களிடம் அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது."

அவர் கடுமையாக யோசித்தார். டெர்மின் என்கிற குறித்த நேரத்துக்குப் பிந்துகிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "இவருடைய காரில்தான் வர வேண்டும் என்பது?"

"அது விருப்பம்" என்றேன். பிறகு அண்ணையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பெரிய விருப்பம்" என்றேன்.

மைஸ்டர் கோப்பியைக் குடித்து முடித்து, பழுதான கார்களை ஏற்றிவருகிற எங்கள் லொறியின் திறப்பைச் சுவரிலிருந்து எடுத்தார். பின்னால் சரித்து இறக்கக்கூடிய தட்டையான மேடையும், இரும்புக் கயிறு சுற்றுகிற வின்ச்சும் உள்ள லொறி அது. "டெர்மின் என்றால் டெர்மின்" என்றார்.

காரை ஏற்றப்போன நேரம் அண்ணை துள்ளி எழும்பினார். "தம்பி! மாப்பிளைக் கார் பின்பக்கமா இறங்கக் கூடாது. முன்னுக்குத்தான் போகோணும். அவரிட்டைச் சொல்லு!" சொன்னேன். காரைத் தலைமாறி ஏற்ற வேண்டும் என்றால் இரட்டிப்பு வேலை.

"சட்டமா, விருப்பமா?" என்றார் மைஸ்டர்.

"சட்டம்."

மறுபேச்சுப் பேசாமல் காரைத் திருப்பி, பின்பக்கத்தை வின்ச்சில் கொழுவி ஏற்றினார்.

நான் வீட்டுக்கு ஓடி, உடுப்பு மாற்றி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு என் சின்னச் சிவப்புக் காரில் லொறிக்குப் பின்னால் போனேன். மாப்பிள்ளை பான் நகரத்துப் பையன், கணினி வேலை. அன்று எசனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். வாசலில் லொறி வந்து நின்றதும் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு அடி பின்னுக்குப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் என் காதுக்குள், "அங்கிள், எனக்குச் சின்னனிலையிருந்து இதிலை ஏற ஆசை" என்றான். தலைப்பாகை லொறிக் கூரையில் இடித்தபடியால், மண்டபம்வரை குனிந்தபடியே போனான். அப்படி அடக்கமான மாப்பிள்ளையைத் தாங்கள் பார்த்ததில்லை என்று தெருவில் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஒரு பக்கம் மைஸ்டர், மறுபக்கம் அண்ணை, மேடையில் பூ உதிர்த்துக்கொண்டு கறுப்புக் கார்.

மண்டப வாசலில் அடுத்த சிக்கல். லொறி பின்பக்கமாகத்தான் முற்றத்துக்குள் போக முடியும். மாப்பிள்ளை பின்பக்கமாகப் போகக்கூடாது. "இதுவும் அதே சட்டமா?" என்று கேட்ட மைஸ்டர், மாப்பிள்ளையைத் தெருவாசல் படலையடியில் இறக்கிவிட்டு லொறியைத் தனியே உள்ளே கொண்டுபோனார். மேடை சரிந்தது. கறுப்புக் கார் மூக்கை முன்னுக்கு நீட்டிக்கொண்டு இறங்கி நிலத்தில் நின்றது. வின்ச்சின் கயிறு பின்னால் அப்படியே கொழுவிக் கிடந்தது.

அண்ணை மைஸ்டர் முன்னால் போய் நின்று கை கூப்பினார். அவருக்கு வாயில் ஜெர்மன் சொல் ஒன்றும் வரவில்லை. காரைக் காட்டினார், மாப்பிள்ளையைக் காட்டினார், வாசலைக் காட்டினார். மைஸ்டர் தூரத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு கயிற்றைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "தெருவுக்குத்தான் சட்டம். இது முற்றம். கயிறு என் கையில் இருக்கிறது, ஏறட்டும்" என்றார்.

மாப்பிள்ளை ஏறினான். நாங்கள் நாலைந்து பேர் பின்னாலிருந்து தள்ள, மைஸ்டர் வின்ச்சின் பிடியை மெல்ல மெல்லத் தளர்த்த, மேளமும் நாதஸ்வரமும் முழங்க, கார் ராச நடையில் போனது. வீடியோக்காரர் நிலத்தில் படுத்துச் சில்லைப் பிடித்தார். சுகந்தியின் சித்தி ஒருவர் இரும்புக் கயிற்றைப் பார்த்துவிட்டு, ஏதோ ஜெர்மன் சடங்கு என்று நினைத்து, அதற்கும் குங்குமம் வைத்தார். வாசலில் மைஸ்டர் பிடியை இறுக்கினார். கார் அங்குலம் பிசகாமல் நின்றது. முகூர்த்தத்துக்கு நேரமும் மிச்சம் இருந்தது.

அண்ணை அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. தாலி கட்டியது, சாப்பாடு நடந்தது, மைஸ்டருக்குக் கழுத்தில் மாலை விழுந்தது, அவர் உழுந்துவடையை ஆராய்ந்து ஆராய்ந்து சாப்பிட்டார். நான் இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழும்பினேன். பின்னேரம், பொம்பிளையும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை தங்கியிருந்த வீட்டுக்குப் புறப்படுகிற நேரம் வந்தது. கறுப்புக் கார் போகாது. உறவினர்கள் தங்கள் தங்கள் புதுக் கார்களின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை, அழுதுகொண்டிருந்த மகளின் கையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் தாண்டி நடந்து வந்து, என் சின்னச் சிவப்புக் காருக்குக் கிட்ட நின்றார்.

"தம்பி, நீ கூட்டிக்கொண்டு போ."

பக்கத்தில் நின்ற மைஸ்டருக்கு இது கொஞ்சமும் விளங்கவில்லை. வரிசையாக நின்ற நல்ல கார்களையும் என் காரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அண்ணையிடமே கேட்டார்: "இந்தக் காரா? இது சட்டமா, விருப்பமா?"

அண்ணைக்கு அந்தக் கேள்வி இப்போது பழகிவிட்டிருந்தது. "விருப்பம்" என்றார் ஜெர்மன் மொழியில். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிறேக் பாத்ததோ?"

"பனி விட்ட அண்டைக்கே பாத்தனான் அண்ணை."

"எனக்கு முன்னாலை பார்."

யாரோ குடிக்கக் கொடுத்த தேத்தண்ணீர் அவர் கையில் இருந்தது. அதை என் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே தானே வைத்து, பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். கல்யாண வீடு முழுவதும் வேடிக்கை பார்க்க, நான் பட்டு வேட்டியோடு முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை மிதித்தேன். தேத்தண்ணீர் நேரே முன்னுக்குச் சாய்ந்து, திரும்பி வந்து அடங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அழுதுகொண்டிருந்த சுகந்தி சிரித்துவிட்டாள்.

மைஸ்டர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "அப்படியே விடலாம்" என்றார்.

அண்ணை கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மகளையும் மருமகனையும் பின்னால் ஏற்றிக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, "மெதுவாப் போ" என்றார். நான் தெருவுக்குத் திரும்பும்போது பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். எல்லாரும் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கை காட்டவில்லை. அந்தத் தேத்தண்ணீரைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.